ராணிக்குப் பதிலாக வளர்ந்த கூந்தல்

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே! ஊருக்கு ஒரு ராஜா, தெருவுக்கு ஒரு மந்திரி என்று மலிந்து கிடந்த காலத்திலே, மணல்மேட்டுச் சீமையில் சௌந்தரவல்லி என்று ஒரு ராணி இருந்தாள். பெயர்தான் சௌந்தரம். தலைமுடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. நகமோ அப்பளம் மாதிரி உடைந்தது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். உடம்பு நோகிற காரியம் எதையும் ராணி செய்யமாட்டாள். ராணிக்கு வெள்ளிக்கிழமை விரதமா? பட்டினி கிடப்பது பணிப்பெண் காத்தாயி. கோயிலில் நூற்றெட்டுச் சுற்றா? கால் தேயச் சுற்றுவது காத்தாயி. புண்ணியம் மட்டும் நேராக ராணிக்குப் போய்விடுமாம்! காத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் செய்தாள். வேறென்ன செய்வாள், பாவம்!

அரண்மனை வைத்தியர் மருதவாணர் வந்தார். தங்க பஸ்பம் தருவார், முத்துத் தைலம் தருவார் என்று ராணி காத்திருந்தாள். அவர் சொன்னதோ மூன்றே மூன்று. ஊறிய வெந்தயத்தைச் செம்பருத்தி இலையோடு அரைத்து, வாரம் இருமுறை தலையில் பூசிக் குளிக்கணும். தினமும் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக நகத்தில் தேய்க்கணும். முருங்கைக்கீரை தவறாமல் சாப்பிடணும்.

"ஆறு மாசம் பொறுமையாச் செய்யுங்க தாயே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வெந்தய விழுது வந்தது. "சீ, கொழகொழங்குது! காத்தாயி, எனக்குப் பதிலா நீ பூசிக்கோ."

எண்ணெய் வந்தது. "ஐயே, பிசுபிசுங்குது! காத்தாயி, எனக்குப் பதிலா நீ தேய்ச்சுக்கோ."

கீரை வந்தது. "தழை திங்க நான் என்ன ஆடா? காத்தாயி, எனக்குப் பதிலா நீ தின்னு."

ஆறு மாதம் போயிற்று. காத்தாயியின் கூந்தல் முழங்காலைத் தொட்டது, நகமெல்லாம் பளபளத்தது. ராணியின் தலையிலோ சவுரி வைத்துக் கட்டக்கூடப் பிடிமானம் இல்லை!

"திருடி! என் முடியைத் திருடிட்டா! சபையிலே உட்கார வச்சு இவளுக்கு மொட்டை அடிங்க!" என்று ராணி குதித்தாள்.

சபையில் ராஜாவின் முன்னால் நாவிதர் கத்தி தீட்டினார். பிறந்ததிலிருந்து காத்தாயிக்கென்று வாய்த்த அழகு அந்தக் கூந்தல் ஒன்றுதான். அதையும் பறிக்கிறார்களே என்று அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜாவைப் பார்த்தாள்.

"மகாராஜா, நான் பட்டினி கிடந்தா அது யாரோட விரதம்?"

"ராணியுடையது."

"நான் கோயிலைச் சுத்தினா?"

"அதுவும் ராணி சுற்றியதுதான்."

"அப்போ எனக்கு இப்ப அடிக்கிற மொட்டை யாரோட மொட்டை, மகாராஜா?"

ராஜா உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே ராணிக்கு மொட்டையா! ராஜா தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். "ஐயோ சாமி, என்னை விட்டுடுங்க" என்று நாவிதர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.

"இன்று முதல் ராணியின் காரியத்தை ராணியே செய்யட்டும்!" என்று ராஜா எழுந்து கத்தினார்.

மறுநாள் சௌந்தரவல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு, வெந்தய விழுதைத் தன் தலையில் தானே அப்பிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை விரதமும் அவளே இருந்தாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து காத்தாயி அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆகவே கேட்டவர்களே, தன் நன்மைக்குத் தான் மெனக்கெடாதவர், மெனக்கெட்டவரின் பலனைப் பார்த்துப் பொருமக்கூடாது.