ஆளா, யானையா?

ஆற்றுக்கு வடகரையில் கோடைமங்கலம் என்றொரு நாடு. வெகுகாலத்துக்கு முன் அதை ஆண்டவன் வல்லபமாறன். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பேச்சுதான் அவனுக்கு வேதம்.

அவனுடைய பட்டத்து யானை கோமளம். துதிக்கையிலும் காது மடலிலும் நிறம் வெளுத்துத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும். லட்சுமி கடாட்சம் என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதன் கழுத்து மணி கேட்டால் ஜனங்கள் பழத்தோடு வாசலுக்கு ஓடிவருவார்கள். அரசனோ தினமும் அந்தத் துதிக்கையால் ஆசி வாங்காமல் பலகாரத்தில் கைவைக்க மாட்டான்.

யானைப்பாகன் ஒச்சப்பன். அந்த வருஷம் அவன் கையிலும் உதட்டோரத்திலும் அதே வெளுப்பு கண்டது. வலியில்லை, அரிப்பில்லை. ஆனால் அவன் மனைவி துறையில் இறங்கினால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். மகளுக்குப் பரிசம் போட்டவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

அரண்மனை அதிகாரி அனந்தவீரருக்கு வெகுநாளாக ஒரு புகைச்சல்: அரசருக்குத் தன்னைவிடக் கிட்டத்தில் ஒரு பாகன் நிற்கிறானே! இதுதான் சமயமென்று சபையில் எழுந்தார். பாகனின் தோஷம் அரசருக்கு ஒட்டும் என்றார். வெள்ளை விழுந்தவர்கள் கழுத்தில் மணி கட்டிக்கொள்ள வேண்டும், ஜனங்கள் ஒதுங்க வசதியாக. அமாவாசையோடு கோட்டையை விட்டே போய்விட வேண்டும் என்றார். அரசன் தலையாட்டினான். அன்றே ஊரெங்கும் பறையறைந்தார்கள்.

மந்திரி அறவாழி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மணி வார்க்கிற பொறுப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அனந்தவீரருக்கு வாயெல்லாம் பல்.

கோமளத்தின் மணியை வார்த்த அதே கன்னானிடம், அதே அச்சில் இன்னொன்று வார்க்கச் சொன்னார் அறவாழி. அதை ஒச்சப்பன் கழுத்தில் கட்டி, யானையோடு கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு, அரசனையும் அதிகாரியையும் மேல்மாடத்துக்கு அழைத்துப்போனார்.

தெருமூலைக்கு அப்பால் மணி ஒலித்தது. கீழே பாதிப்பேர் கதவைச் சாத்த ஓடினார்கள், பாதிப்பேர் பழம் எடுக்க ஓடினார்கள். இரு தரப்பாரும் முட்டிக்கொண்டார்கள். எண்ணெய்க் கடைக்காரர் ஒரு கையில் தாழ்ப்பாளும் மறு கையில் வாழைச்சீப்புமாக நின்று கத்தினார்: "ஏம்ப்பா, வருவது ஆளா, யானையா? தெரிந்தால்தானே கும்பிடுவதா ஒளிவதா என்று முடிவு பண்ணலாம்?"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். மூலை திரும்பி யானையும் பாகனும் சேர்ந்தே வந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

அறவாழி பணிவாகக் கேட்டார்: "அதிகாரியாரே, யானைமேல் இருந்தால் லட்சுமி, பாகன்மேல் இருந்தால் மூதேவியா? தோஷம் ஒட்டுமென்றால், தினமும் மன்னர் தலையைத் தடவும் துதிக்கை இதுவரை எதை ஒட்டவைத்திருக்கிறது? சொல்லிவிடுங்கள், மன்னரையும் அமாவாசைக்குள் கோட்டைக்கு வெளியே அனுப்பிவிடலாம்."

அனந்தவீரர் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அரசன் தன் முத்தாரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். கீழே இறங்கி, பாகன் கழுத்து மணியைத் தானே அவிழ்த்தான். உத்தரவு ரத்து, நீ எங்கும் போக வேண்டாம் என்றான்.

ஒச்சப்பன் கும்பிட்டான். "சாமி, உத்தரவு போட்டது நீங்க, எடுத்துட்டீங்க. கதவைச் சாத்தினது இந்தத் தெருக்காரங்க இல்லீங்களா?"

அரசனுக்குச் சுருக்கென்றது. அந்த வெளுத்த கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தான். பின்னால் இருவருக்கும் குடை பிடித்து வந்தவர் அனந்தவீரர். எண்ணெய்க் கடைக்காரர் ஒரு பழத்தைப் பிய்த்து, சற்றே தயங்கி, ஒச்சப்பனின் உள்ளங்கையிலேயே வைத்தார்.

எல்லாக் கதவும் அன்று திறக்கவில்லை. மறுநாளும் அரசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.