எந்த ரெண்டு ஒயரு?

மாட்டுப்பண்ணையில சாணி அள்ளுற செங்கமலத்துக்கு அன்னிக்கு வேலை போகப்போகுது. ஏன்னா, ஊர் ட்ரான்ஸ்பார்மர மாத்துன மறுநாள் புல்லு வெட்டுற மெஷின் எதிர்ப்பக்கமா சுத்துது. வந்தாரு வயரிங் கான்ட்ராக்டர் ஜெகவீரன். மெஷினத் தொட்டுக்கூடப் பாக்கல. "இவதான் தண்ணி ஊத்தி மோட்டாரக் கெடுத்துட்டா!"

முதலாளியம்மா கோதைநாயகி செங்கமலத்த முறைச்சாங்க. "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லன்னா கெளம்பு."

"அவ்ளோ நேரம் எதுக்கும்மா?"ன்னா செங்கமலம். " மெயின ஆஃப் பண்ணிட்டு, மோட்டாருக்குப் போற மூணு பேஸ் ஒயர்ல ரெண்ட இடம் மாத்துனா போதும். எந்த ரெண்டுன்னு சாரே சொல்லட்டும்."

இவளக் கவுத்துடணும்னு அவரு ரொம்ப நேரம் யோசிச்சு, "செவப்பும் நீலமும்!"னாரு.

மாத்துனா. மெயினப் போட்டா. மெஷின் நேரா சுத்திப் புல்ல வெட்டித் தள்ளுச்சு.

ஜெகவீரன் சட்டுனு நெஞ்ச நிமித்துனாரு. "பாத்தீங்களா, நான் சொன்ன ஒயரு!"

"ட்ரான்ஸ்பார்மர மாத்துனப்ப பேஸ் வரிசை மாறிடுச்சு, எந்த ரெண்டச் சொல்லியிருந்தாலும் நேரா சுத்தியிருக்கும் சார். எங்க பம்புசெட்டுக்கு நானே மாத்தியிருக்கேன். தெரிஞ்சவரு யோசிக்கவே மாட்டாரு."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கல. அவரு கையில இருந்த டெஸ்டர வாங்கி செங்கமலத்துக்கிட்ட குடுத்தாங்க. சாணிக்கூடைய மெதுவா அவரு பக்கம் தள்ளிவிட்டாங்க.