ஒத்தைக் காதுல சிக்கின ரப்பர்

அந்தக் கருமத்தக் காதுலருந்து கழட்டி அந்தப் பக்கம் வை மொதல்ல. படுக்கையில என்ன பாட்டு வேண்டிக் கெடக்கு. வச்சுட்டியா? இப்பப் பெரியம்மா சொல்றதக் கேளு. நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டன்னு நெனச்சு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தா. அவளுக்குக் காது ரெண்டு, கேக்குறது ஒண்ணு. பேரு செண்பகவல்லி. ஏழு வயசுல காய்ச்சல் வந்து எடது காது போயிருச்சு. வலது காது மட்டும் பாம்புக் காது. அடுத்த வீட்டுல ஊசி விழுந்தாக்கூடச் சொல்லுவா.

அவளப் பொண்ணு பாக்க வந்தப்போ அவ அப்பா என்ன பண்ணாரு, வந்தவங்க எல்லாரையும் அவளுக்கு வலது கைப்பக்கமாப் பாய் விரிச்சு உக்கார வச்சாரு. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணும்பாங்கல்ல. அந்த மனுசன் சொன்னது ஒரே ஒரு பொய், அதுவும் வாயத் தொறக்காமச் சொன்னாரு. கல்யாணமும் ஆயிருச்சு.

மாமியா பேரு வெள்ளத்தாய். அவ எப்படிப்பட்டவன்னா, ஒரு தடவ சந்தையில பால்மாடு வாங்கிட்டு வந்தா. மூணாம் நாள் பாத்தா அதுக்கு ஒரு காம்பு அடைப்பு. அப்புறம் என்ன, பன்னெண்டு மைல் அந்த மாட்ட நடத்தியே கூட்டிட்டுப் போயி, வித்தவன் வாசல்ல கட்டிட்டு, ஒரு வார்த்தை பேசாமத் திரும்பி வந்துட்டா. கொறைய மறைச்சுக் குடுத்தா அவளுக்கு ஆகவே ஆகாது.

இந்த மாட்டுக் கதையச் செண்பகத்துக்குச் சொன்னதே அவ புருசன் கனிராஜ்தான். அவன்கிட்ட மட்டும் அவ உண்மையச் சொல்லியிருந்தா. "எனக்கு ஒண்ணும் இல்ல செண்பகம். எங்கம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது"ன்னான். சொல்லிட்டு அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிட்டான். இங்க மாமியாளும் மருமகளும் மட்டும்.

ம் கொட்டு. ஆங்.

அந்த மாமியா கொடுமைக்காரி இல்ல, நாம பொய் சொல்லக் கூடாது. அடிக்க மாட்டா, ஏச மாட்டா. பேசவே மாட்டா, அதுதான் சங்கதி. "உலை வை." "தண்ணி புடி." "கதவச் சாத்து." நாலு வருசமா இந்த மூணுதான். செண்பகத்துக்கு அம்மா கெடையாது. 'சாப்டியா புள்ள'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த வாயிலருந்து வராதான்னு ஏங்கிப் போயிக் கெடந்தா.

அப்போ கனிராஜ் ஊருக்கு வந்த ஒருத்தன்கிட்ட ஒரு ஹெட்போன் குடுத்து விட்டான். காதுக்குள்ள சொருகுற மாதிரி, நுனியில மெத்துமெத்துன்னு ரப்பர் வச்சது. சாயங்காலம் ஆறு மணியானா டிங்குனு போன் வரும். இவ வலது காதுல சொருகிக்கிட்டு, எடதத் தொங்க விட்டுட்டு, தீப்பெட்டி ஒட்டிக்கிட்டே பேசுவா. அவங்க ஊர்ல வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுற வேலை. பக்கத்துல எப்பவும் ஒரு கிண்ணம் மைதாப் பசை இருக்கும்.

ஒரு நாள் அப்படிப் பேசிட்டு இருக்கறப்போ, "ஏ புள்ள"ன்னு வாசல்லருந்து மாமியா குரல். பதறிப் போயி வயரப் புடிச்சு ஒரே இழு. டப்.

வயரு வந்துச்சு. ரப்பரு வரல.

அவ்வளவுதான், ஊரே ஊமையாயிருச்சு. பக்கத்து வீட்டு மிக்சி இல்ல, பஸ்ஸு ஹாரன் இல்ல, கொல்லையில கோழி இல்ல. தலைக்குள்ள மட்டும் கொய்ய்ங்குனு ஒரு சத்தம்.

டாக்டர்கிட்டப் போக வேண்டியதுதானேங்கிற. போகலாம். 'அத்தை, காதுல ரப்பர் மாட்டிக்கிச்சு'ன்னு சொல்லலாம். மாமியா கேப்பால்ல, ஒரு காதுலதான மாட்டிருக்கு, இன்னொரு காதுக்கு என்ன கேடுன்னு. அப்ப என்ன பதில் சொல்லுவா? அந்த மாட்டுக்காரன் வாசல் அவ கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அப்பா வீட்டு வாசல்ல தன்னக் கொண்டு போயி விட்டுட்டு மாமியா பேசாமத் திரும்பி நடக்கற மாதிரி. அதான் வாயத் தொறக்கல.

மொத நாள், தாலிக்கொடியில மாட்டியிருந்த ஊக்க எடுத்து நோண்டுனா. நோண்ட நோண்ட அது நகந்துச்சு. எந்தப் பக்கம்? உள்ள. ஊக்கு நுனியில ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

அன்னைக்கு மாமியாளச் சமாளிச்சிட்டா. எப்படிங்கிற, மூணே வார்த்தைதான. காலையில வாய் அசைஞ்சா உலை, மத்தியானம்னா தண்ணி, பொழுது சாஞ்சா கதவு. "சரித்தை"ன்னு சொல்லிட்டு ஓடுனா. போன் வெளிச்சம் மின்னி மின்னி அமந்துச்சு. தொண்டை கட்டிருக்குன்னு புருசனுக்கு மெசேஜ் போட்டுட்டு, முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. தன் அழுக தனக்கே கேக்கல பாரு, அத என்னன்னு சொல்ல.

ரெண்டாம் நாள், நல்லெண்ணெயில பூண்டத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சொட்டுச் சொட்டா காதுல விட்டா. வழுக்கிட்டு வெளிய வந்துரும்னு நெனப்பு. வழுக்கத்தான் செஞ்சுச்சு. அதுவும் உள்ள பாத்து. குளுகுளுன்னு எண்ணெய் நெறஞ்சு, கொய்ய்ங்குங்கிற அந்தச் சத்தமும் அடங்கிருச்சு.

முழிச்சிருக்கியா? ம்.

மூணாம் நாள் என்ன பண்ணா தெரியுமா? தீப்பெட்டி ஒட்டுறவ புத்தி எங்க போகும். துணியத் திரிச்சு எண்ணெயத் தொடச்சுட்டு, ஒரு தீக்குச்சி நுனியில மைதாப் பசையக் கொழகொழன்னு தொட்டுக் காதுக்குள்ள விட்டு, ரப்பர்ல ஒட்டட்டும்னு ஒருக்களிச்சுப் படுத்துட்டா. நம்ம வயித்தக் கழுவுற பசை, நம்மளக் கைவிடாதுன்னு நம்பிக்கை. காஞ்சிருக்கும்னு நெனச்சு இழுத்தா, பட். குச்சி மட்டும் கைக்கு வந்துச்சு. பசை காதுக்குள்ளயே காஞ்சு செவரு வச்ச மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் அவ எதையும் பண்ணல. எல்லாம் போச்சுன்னு செவத்தப் பாத்து உக்காந்துக்கிட்டு, மடிச்சு மடிச்சுப் பெட்டி ஒட்டிக்கிட்டே இருந்தா.

அந்த நேரம் பின்னால குளிக்கற எடத்துல மாமியா வழுக்கி விழுந்துட்டா. தடால். "ஏ புள்ள"ன்னா. பதில் இல்ல. "ஏ புள்ள, இங்க வா"ன்னா. எட்டடி தூரம்கூட இல்ல. மருமக முதுகு தெரியுது, கை ஆடுறது தெரியுது. தொண்டை கிழியக் கத்துறா, அந்த முதுகு திரும்பவே இல்ல.

செண்பகம் காலியான பசைக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு எந்திரிச்சுத் திரும்புனா. பாத்தா, அந்தக் கெழவி ஈரச் சேலையோட முத்தத்துல தவழ்ந்து வந்துக்கிட்டிருக்கா. ஒரு காலு வீங்கிக் கத்திரிக்காயாட்டம் இருக்கு. வாயி அசையுது. இந்த நேரத்துக்கு உலையும் இல்ல, தண்ணியும் இல்ல, கதவும் இல்ல.

கிண்ணத்தப் போட்டுட்டு ஓடிப் போயி அவளத் தூக்கிச் செவத்துல சாச்சு உக்கார வச்சா. அப்புறம் அப்படியே கால்மாட்டுல உக்காந்துட்டா. இனிமே மறைச்சு என்ன. எல்லாத்தையும் கொட்டிட்டா. "அத்தை, எனக்கு எடது காது சின்ன வயசுலயே போச்சு. எங்கப்பா மறைச்சுட்டாரு. வலது காதுல ரப்பர் மாட்டி மூணு நாளாச்சு. நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கல. இப்பவும் ஒண்ணுமே கேக்கல. என்னைய எங்கப்பா வீட்டுல விட்டாலும் சரி"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா.

மாமியா அவளையே பாத்தா. அப்புறம் பேச ஆரம்பிச்சா.

நாலு வருசத்துப் பேச்சையும் சேத்து வச்சுப் பேசுனா. ஒரு உலை கொதிச்சு அடங்குற நேரம் அந்த வாயி ஓயவே இல்ல. ஒரு எடத்துல நெத்தியச் சுருக்குனா. ஒரு எடத்துல நிறுத்தி மூச்சு வாங்குனா. கையத் தூக்கி வானத்தக் காட்டுனா. அப்புறம் மருமக மோவாயப் புடிச்சு மூஞ்சியத் திருப்பி, அந்த வலது காதப் பாத்துக்கிட்டே என்னமோ சொன்னா. கண்ணுல தண்ணி வந்துச்சு. கால் வலிக்கு வந்த தண்ணியோ என்னமோ.

"கேக்கலத்தை. ஒரு வார்த்தகூடக் கேக்கல"ன்னு இவ கெஞ்சுறா. அவ தலைய ஆட்டிட்டுப் பேசிக்கிட்டே இருந்தா. எனக்கு என்ன தோணுதுன்னா, கேக்காதுன்னு தெரிஞ்சதுனாலதான் பேசியே இருப்பா. சில பேருக்கு நெஞ்சுல கெடக்கறத அடுத்தவங்க காதுல போட முடியாது. அந்தக் கெழவி மேல எனக்கு இன்னும் கோவம் உண்டு.

அப்புறம் ஆட்டோவக் கூப்பிட்டு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மாமியா தன் கால மொதல்ல காட்டல. மருமகள முன்னால தள்ளுனா. டாக்டர் வெளக்கு வச்சுப் பாத்துட்டு, மருந்து விட்டு, ஊற வச்சு, வளஞ்ச கம்பி மாதிரி ஒண்ண விட்டு இழுத்தாரு. ப்ளக். ஃபேன் கடகடங்குது, வெளிய ஆட்டோ பாம்பாம்ங்குது, யார் பிள்ளையோ வீல்னு அழுது. டாக்டர் மொதல்ல சொன்னது அவளுக்கு நல்லாக் கேட்டுச்சு. "பூண்டு, எண்ணெய், மைதா. கடுகு மட்டுந்தான் பாக்கி போலம்மா."

திரும்பி வர்ற வழியில ஆட்டோவுல செண்பகம் மாமியா கையப் புடிச்சுக்கிட்டா. "அத்தை, அப்போ முத்தத்துல என்னமோ சொன்னீங்களே. என்ன சொன்னீங்க? இப்பக் கேக்கும்த்தை. சொல்லுங்க."

வெள்ளத்தாய் கட்டுப் போட்ட காலப் பாத்தா. அப்புறம் ரோட்டப் பாத்தா. "வீட்டுக்குப் போயி உலை வை. நேரமாச்சு"ன்னா.

அவ்வளவுதான். அப்பா வீட்டுக்கு அனுப்பல. அந்தப் பேச்சையும் எடுக்கல. கனிராஜ் ஊருக்கு வந்து கேட்டுப் பாத்தான், அவன்கிட்டயும் சொல்லல. ரெண்டு வருசம் கழிச்சுக் கெழவி படுக்கையில விழுந்தப்போ, செண்பகம் ராப்பகலா வலது காத அந்த வாய்கிட்டயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. "தண்ணி"ன்னு மட்டும் வந்துச்சு. அதோட போயிட்டா.

இன்னைக்கும் செண்பகம் கண்ண மூடி அந்த வாயி அசஞ்சத நெனச்சுப் பாப்பா. 'நீ என் மகடி'ன்னு வச்சுப் பாப்பா, பொருந்தும். 'ஏமாத்திட்டியேடி பாவி'ன்னு வச்சுப் பாப்பா, அதுவும் பொருந்தும்.

என்ன சொல்லியிருப்பான்னு என்னையக் கேட்டா? அவளுக்கே கேக்கலையே, எனக்கு எப்படிடி தெரியும். ம் கொட்டுனது போதும். கதை அம்புட்டுதான், கண்ண மூடித் தூங்கு.