திருப்பிப் போட்ட படம்

"டீச்சர், படத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா ஒரு ஆள் கூப்பிடல."

வந்து நின்னவர் பேரு அரங்கநாதன். வயசு அம்பத்தெட்டு. டீச்சர்னு அவர் கூப்பிட்டது ஜெசிந்தாவை. அவளுக்கு முப்பத்திரண்டுதான். மாவு மில்லுக்கு மேல மாடியில, ஆன்லைன்ல விளம்பரம் போடறதை நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா.

அந்த மில்லைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மொளகா அரைக்கற அன்னைக்கு மாடியில பாடமே நடக்காது. தும்மல்தான். அதுக்காகவே அவ செவ்வாய்க்கிழமை லீவு விட்டுட்டா.

சரி, அதை விடுங்க. இது புதன்கிழமை.

"என்ன படம்ணே?"

"செல்லத்துரை கல்யாண சமையல். வைகாசி முகூர்த்தத்துக்கு விளம்பரம். நான் தனியா பண்ற மொத வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள நாலு போனாவது வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டாரு."

"யாருமே பாக்கலையா?"

"ஏழாயிரம் பேர் பாத்திருக்காங்க. கீழ சிரிக்கிற பொம்மையாப் போட்டுட்டுப் போறாங்க. சோத்தைப் பாத்து யாராவது சிரிப்பாங்களா?"

போனை நீட்டினார். ஜெசிந்தா பாத்தா. உதட்டைக் கடிச்சுக்கிட்டா.

"படத்துல என்னென்ன பண்ணீங்க?"

"வெளிச்சம் கூட்டுனேன். சாம்பார்ல ஆவி பறக்க விட்டேன். பரிமாறறவர் சட்டையில இருந்த கறையை அழிச்சேன். பின்னாடி ஒருத்தர் கொட்டாவி விட்டுட்டு இருந்தாரு, அவரையும் தூக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"முன்னாடி உக்காந்து சாப்பிடறவர் இடது பக்கம் பாத்துட்டு இருந்தாரு. எழுத்தும் போன் நம்பரும் வலது பக்கம். படத்துல இருக்கறவங்க எழுத்தைப் பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? கண்ணாடியில தெரியற மாதிரி படத்தைத் திருப்பிட்டேன்."

"திருப்புனதும் ஒண்ணும் தோணலையா?"

"என்ன தோணணும்?"

அவருக்குத் தோணாதுங்க. கல்யாணப் பத்திரிகை அச்சாபீஸ்ல முப்பது வருஷம் ஈய எழுத்துக் கோத்தவர். அதுல எல்லா எழுத்தும் இடம் வலமா மாறித்தான் இருக்கும். மாறி இருக்கறதுதான் அந்தக் கண்ணுக்கு நேர். அவர் சம்சாரம் சொல்லும், மறுவீட்டுக்குப் போறப்ப பஸ் முன்கண்ணாடியில எழுதுன பேரை உள்ள உக்காந்தே படிச்சுக் காட்டுனாராம். அதுலயே மயங்கிட்டேன்னு சொல்லிச் சிரிக்கும்.

ஜெசிந்தா எதிர்க்கடைக்குப் போன் பண்ணி ரெண்டு சாப்பாடு வரவழைச்சா.

"மொதல்ல சாப்பிடுவோம்ணே."

மேஜையில அவருக்கு வாழை இலையைப் போட்டா. நுனி அவரோட சோத்தாங்கைப் பக்கம் வர்ற மாதிரி போட்டா.

அரங்கநாதன் பேசிக்கிட்டே இலையைத் திருப்பி, நுனியை இடது பக்கம் வச்சார்.

அவ மறுபடி பழையபடி திருப்புனா.

அவர் நிமிந்தார்.

"என்னம்மா, கருமாதி வீட்டு இலையா போடறே?"

எங்க பக்கம் நுனி வலது பக்கம் வந்தா அது கருமாதி இலைதான். என் நாத்தனார் கல்யாணத்துல ஒரே ஒரு இலை மாறி விழுந்துடுச்சு. மாப்பிள்ளையோட பெரியப்பா கோச்சுக்கிட்டுப் போனவர்தான். பேரப்புள்ள காதுகுத்துக்குத்தான் திரும்ப வந்தார்.

ஜெசிந்தா போனை எடுத்து இலைக்குப் பக்கத்துல வச்சா.

அரங்கநாதன் பாத்தார்.

படத்துலயும் நுனி சாப்பிடறவங்களோட வலது பக்கம். முன்னாடி இருந்தவர் பீச்சாங்கையால சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தார். பக்கத்துல இருந்தவரும் பீச்சாங்கை. பந்தி மொத்தமும் பீச்சாங்கை.

"அய்யய்யோ."

"ம்."

"ஏழாயிரம் பேருக்கா இப்படிப் பரிமாறுனேன்!"

இலையை அவரே நேராக்கினார். ஆனா சாப்பாட்டுப் பொட்டலத்துப் பக்கம் கை போகல.

"படத்தைப் பழையபடி திருப்பிடறேன் டீச்சர். ஆனா அவரு மறுபடி அந்தப் பக்கம்தானே பாப்பாரு? எழுத்து இந்தப் பக்கம் இருக்கே?"

ஜெசிந்தா இலையில தண்ணி தெளிச்சா.

"பந்தியில உக்காந்தவரையா எழுப்புவீங்க? எழுத்தை எழுப்புங்கண்ணே."