மூன்றாம் நாள் இறங்கிய கரை

அழகியநம்பி மூன்றாவது முறையாகத் துறவுக் காவி கேட்டபோது, குருநாதர் படகைப் பற்றிப் பேசினார்.

"காவி இருக்கட்டும், நம்பி. ஆலப்புழையில நம்ம அன்பர் ஒருத்தர் படகுவீடு வச்சிருக்கார். வருஷா வருஷம் கூப்பிடுதார். நாலு நாள் போயிட்டு வருவோம்."

நம்பி திகைத்துப்போனார். குரு சிதம்பரநாதர் சதுரகிரி அடிவாரத்து ஆசிரமத்தை விட்டு வெளியே போகிறவர் அல்ல. கல்யாணத்துக்கு அழைத்தாலும் கும்பாபிஷேகத்துக்கு அழைத்தாலும் அவரிடமிருந்து திருநீறு மட்டும்தான் போகும்.

"உல்லாசப் பயணமா, சாமி?"

"ஆமா. உல்லாசந்தான்."

நம்பிக்கு அறுபத்தொரு வயது. குருவைவிட ஆறு வயது மூத்தவர். ஆசிரமத்துக்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. முதலில் எழுபவர் அவர். கடைசியில் சாப்பிடுபவர் அவர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. சிரித்தும் பார்த்ததில்லை. காவிக்கு அவரைவிடத் தகுதியானவர் யார் என்று மற்ற சீடர்கள் பேசிக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

மாசி மாதம் இருவரும் புறப்பட்டார்கள்.

படகுவீட்டில் மூங்கில் கூரையும், இரண்டு சிறிய அறைகளும், முன்பக்கம் காற்று வாங்க நாலு பிரம்பு நாற்காலிகளும் இருந்தன. ஓட்டுவதற்கும் சமைப்பதற்கும் ஒரே ஆள்தான். பெயர் தங்கச்சன். தமிழ் புரியும். கொஞ்சம் பேசவும் செய்வார்.

முதல் நாள் முழுவதும் குரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணில் பட்ட பறவைக்கெல்லாம் பெயர் கேட்டார். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். படகு ஆகாயத்தாமரைகளை ஒதுக்கிக்கொண்டு மெதுவாகப் போயிற்று. நம்பி கண்ணை மூடி உருத்திராட்சத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்ததும் கரை இறங்கினார்கள். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் வயல். நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு வரம்பு. வயல் ஆற்றைவிடத் தாழ்வாக இருந்தது.

"தண்ணி மேல இருக்கு, பயிர் கீழ இருக்கே" என்றார் குரு.

"இந்த வரம்பு உடைஞ்சா எல்லாம் போயி, சாரே" என்றார் தங்கச்சன். "எப்பவும் ஆள் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"உலகமே இப்படித்தான், சாமி" என்றார் நம்பி. "எல்லாம் மாயை."

"இது வரம்பு, நம்பி" என்றார் குரு.

இரண்டாம் நாள் மதியம் வெயில் கடுமையாக இருந்தது. தென்னை நிழலில் படகைக் கட்டிவிட்டுத் தங்கச்சன் தூங்கப் போனார். குரு கேட்டார்:

"வீட்டை விட்டு வந்த கதையை நீங்க என்கிட்ட முழுசாச் சொன்னதே இல்லையே."

"சொல்ல என்ன இருக்கு, சாமி? செங்கோட்டையில ரயில்வே உத்தியோகம். ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு. ஒருநாள் காலையில எல்லாம் பொய்னு பட்டுச்சு. கிளம்பிட்டேன்."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா விடுவாங்களா? குளிச்சு, வேட்டி மாத்தி, வழக்கம்போல வாசலைத் தாண்டினேன். திரும்பிப் பார்க்கலை."

"பிறகு?"

"இரண்டாம் வருஷம் கோமதி எப்படியோ விசாரிச்சு ஆசிரமத்து வாசலுக்கு வந்துட்டா. நீங்க அப்ப காசி யாத்திரையில இருந்தீங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெளியே நின்னா. நான் உள்ளே பாத்திரம் தேய்க்கிற இடத்துல இருந்தேன். வெளியே வரலை."

குரு அவரைப் பார்த்தார்.

"கஷ்டமா இருந்துச்சா?"

"முதல்ல இருந்துச்சு, சாமி. பிறகு பழகிட்டு. பிழைப்புக்கு அம்மாவும் மகளும் கேரளாப் பக்கம் போயிட்டதாக் கேள்வி. அதோட சரி." நம்பியின் குரலில் ஒரு நிறைவு இருந்தது. "இப்ப முகம்கூட நினைவில்லை."

 அன்று மாலை குரு நடக்கப் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, படகு அகலமான காயலைக் கடந்து ஒரு குறுகிய கால்வாய்க்குள் நுழைந்தது. குரு எழுந்து முன்னால் போய் நின்றார். கொஞ்ச தூரம் போனதும், "இங்கே இறங்குவோம்" என்றார்.

"இங்கே காண ஒண்ணும் இல்லை, சாரே. நல்ல ஸ்தலம் அங்கே முன்னாடி."

"பரவாயில்லை. நடக்கத்தானே போறோம்."

வரம்பின்மேல் நடந்தார்கள். வாத்துகள் கூட்டமாக வயலில் இறங்கிக்கொண்டிருந்தன. சிறிது தூரத்தில் தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று வந்தது. கடையும் வீடும் ஒன்றுதான். கொடியில் சின்னஞ்சிறு பள்ளிச் சீருடைகள் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன.

கடையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். வேட்டியையும் திருநீற்றையும் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கூப்பிட்டாள்.

"வாங்க, சாமி. வாங்க, ஐயா. உட்காருங்க."

பெஞ்சைத் துணியால் துடைத்தாள். அவள் குனிந்து நிமிர்ந்தபோது நம்பி அவள் முகத்தைப் பார்த்தார். இடது புருவத்தின் நடுவே முடி இல்லாமல் ஒரு கோடு. ஆறு வயதில் கிணற்றடிக் கல்லில் விழுந்து கிழித்துக்கொண்ட காயம். தையல் போடும்போது அவர்தான் அவளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

நம்பி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கால்வாயில் போன தோணியிலிருந்து ஒரு பெண், "மொழியே!" என்று கூப்பிட்டு மலையாளத்தில் என்னவோ கேட்டாள். இவள் பதில் சொல்லி அனுப்பினாள். குற்றாலத்து அம்மன் பெயரின் சுருக்கம் அது. குழல்வாய்மொழி. அவர் வைத்த பெயர்.

"எந்த ஊரு, ஐயா, உங்களுக்கு?" அவள் நம்பியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஆசிரமம், அம்மா. சதுரகிரிப் பக்கம்."

"அதுக்கு முந்தி?"

"துறவிக்கு முந்தின ஊரு ஏது?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். உள்ளேயிருந்து குழம்பு கொதிக்கிற மணம் வந்தது. நம்பி வேறெங்காவது பார்க்கலாம் என்று கண்ணை உயர்த்தினார். சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. படத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் மாலை. கீழே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. படத்திலிருந்து கோமதி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ வந்தது. அவர் பார்வை போன திசையை அவள் கவனித்தாள்.

"எங்க அம்மா, ஐயா. போன ஐப்பசியில போயிட்டாங்க."

நம்பி டீயைக் கையில் வாங்கினார். அது கொஞ்சம் தளும்பி விரலைச் சுட்டது.

"உடம்புக்கு என்ன?" என்று குரு கேட்டார்.

"நெஞ்சு வலி, சாமி. ரெண்டு நாள்தான் படுத்திருந்தாங்க. பொட்டையும் தாலியையும் எடுக்காம எரிக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. வீட்டுக்காரரு உயிரோட இருக்காருல்லா? அப்படியே செஞ்சோம்."

 அவள் அங்கேயே நின்றாள். கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஐயாவுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

குரு டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

  நம்பி மீதி டீயைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இல்லை, அம்மா."

அவள் ஒருமுறை தலையை ஆட்டினாள். குடித்து முடித்த கிளாஸ்களை எடுத்துக்கொண்டாள். நம்பி எழுந்து கையை உயர்த்தி, "நல்லா இரும்மா" என்றார். அவள் அதற்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படகு நகர்ந்து அரைமணி நேரம் வரை நம்பி உருத்திராட்சத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.   பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"சாமி, அவ என் மகள்."

"தெரியும்."

"எனக்கு இப்பத்தான் புரியுது. நீங்க சோதிக்கத்தான் கூட்டிட்டு வந்தீங்க. பார்த்ததுமே கண்டுக்கிட்டேன், சாமி. செத்தது கோமதின்னு தெரிஞ்சும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. விழுங்கிட்டேன். வந்தது யாருன்னே அவளுக்குத் தெரியாது. தேறிட்டேன்தானே, சாமி?"

குரு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தை மாசம் எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சு, நம்பி. அவதான் எழுதியிருந்தா. அம்மா இறந்துட்டாங்க, அவருகிட்ட நீங்க எதையும் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு தடவை எங்க கடைப் பக்கம் கூட்டிட்டு வாங்கன்னு எழுதியிருந்தா. மாசியில இன்ன நாள் வாரோம்னு நான் பதில் போட்டேன்."

நம்பியின் முகத்திலிருந்து வெளிச்சம் போயிற்று.

"அப்படின்னா அவளுக்கு..."

"படகுல இருந்து நீங்க இறங்கும்போதே தெரியும்."

"பிள்ளைங்க இருக்கான்னு கேட்டாளே!"

"தெரிஞ்சுதான் கேட்டா."



"கடுதாசியில வேற என்ன இருந்துச்சு, சாமி?"

"நான் சண்டை போட மாட்டேன், ஏன் விட்டுட்டுப் போனீங்கன்னு கேட்க மாட்டேன். நான்தான் உன் அப்பான்னு அவரே வாயைத் திறந்து சொன்னா, ஒரு வேளை சோறு போட்டு அனுப்பிடுவேன். அம்மாவோட ஆசை அது. இவ்வளவுதான். கடைக்கு உள்ளே மூணு வாழை இலை நறுக்கி வச்சிருந்தா. நீங்க பார்க்கலை."

நம்பி எழுந்தார். "ஒரு வார்த்தை, சாமி! ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. பத்தொன்பது வருஷமா உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தேன்னு எனக்கும் பார்க்க வேண்டியிருந்துச்சு. பார்த்துட்டேன்."

நம்பி பின்பக்கம் ஓடினார்.

"தங்கச்சா, படகைத் திருப்பு! திருப்புய்யா!"

தங்கச்சன் குருவைப் பார்த்தார். குரு தலையசைத்தார். குறுகிய கால்வாயில் அந்த நீளப் படகைத் திருப்ப நேரம் பிடித்தது. நம்பி உட்காரவே இல்லை. கரை நெருங்குவதற்குள் முழங்கால் தண்ணீரில் குதித்து, சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, வரம்பின்மேல் ஓடினார். குரு பின்னால் மெல்ல நடந்து வந்தார்.

கடை சாத்தியிருந்தது. கொடியில் துணிகள் இல்லை. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

நம்பி கதவைத் தட்டினார்.

"கடை அடைச்சாச்சு, ஐயா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மொழி... அப்பா வந்திருக்கேன்மா."

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. நம்பி கதவில் காதை வைத்து நின்றார். உள்ளே மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

பிறகு சத்தம் மறுபடி தொடங்கியது. முன்புபோலவே, நிதானமாக.

அவர் மறுபடி தட்டினார். கூப்பிட்டார். கோமதியின் பெயரைச் சொல்லி அழுதார். தோணியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே தேய்த்து முடித்த பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கிற ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது. கதவு திறக்கவில்லை.

நெடுநேரம் கழித்து நம்பி பெஞ்சுக்கு வந்தார். குரு அங்கே உட்கார்ந்திருந்தார். நம்பி அவர் காலடியில் மண்ணில் சரிந்தார்.

"காவி வேண்டாம், சாமி. பற்று விட்டுட்டுன்னு நினைச்சு என்னையே ஏமாத்திக்கிட்டேன். விடலை. இன்னும் அறுபடவே இல்லை, சாமி."

குரு சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்களோடது இருக்கட்டும், நம்பி. அவளோடது இன்னைக்கு அறுந்து போச்சு."