இரண்டு ஸ்பூன் உப்பு

“நான் என்ன தப்புப் பண்ணினேன்னு சொல்லிடுங்கம்மா. மலையிறங்கிப் போயிடறேன்.”

கேட்டவர் மாசிலாமணி. வயது அறுபத்தொன்று. புதுச்சேரி ஓட்டல்களில் முப்பது வருடம் சமையல் பார்த்தவர்.

அவர் குருவாக ஏற்றுக்கொண்ட செங்கமலத்துக்கு வயது நாற்பத்தைந்துதான். பச்சைமலையில் ஒரு குடிசை, ஆறு ஆடுகள். ஆசிரமம் என்றால் அவ்வளவுதான்.

“சாப்பிடுங்கண்ணே” என்றார் குரு.

மாசிலாமணியை இந்த மலையில் கட்டிப்போட்டது நாக்கு. தன் நாக்கு அல்ல, குருவின் நாக்கு.

ஒன்றரை வருடத்துக்கு முன் சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர், வந்த இடத்தில் கை சும்மா இருக்காமல், ஆட்டுப்பாலை எலுமிச்சை பிழிந்து திரியவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். காலையில் மெத்தென்று சீஸ் வந்தது. மேலே மலைத்தேனை ஊற்றினார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

உப்பு ஒரு கல் கூடுதல், தேனில் நாவல் பூ வாசம் இருக்கிறது என்றார் குரு.

மாசிலாமணி ஆடிப்போனார். அவர் கையால் சாப்பிட்ட வெள்ளைக்காரர்களில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு நாக்கு இருந்ததில்லை. ஆசையை வென்றவருக்குத்தான் ருசி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று அவராகவே முடிவு கட்டினார். மறுநாளே சீடரானார். இதைவிட மோசமான காரணங்களுக்கும் மனிதர்கள் சீடராகியிருக்கிறார்கள்.

அன்றுமுதல் தினமும் காலையில் தேனும் சீஸும். தினமும் குரு ஒரு வார்த்தை சொல்வார். அது சரியாகவே இருக்கும்.

மூன்று நாளைக்கு முன் ஊர்க்காரர்கள் முன்னால், அண்ணன் கைக்கு ஈடே இல்லை என்று சொல்லிவிட்டார். மாசிலாமணிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

மறுநாளிலிருந்து ருசியைப் பற்றிக் குரு வாயே திறக்கவில்லை.

முதல் நாள் மாசிலாமணி எலுமிச்சையைக் குறைத்துப் பார்த்தார். இரண்டாம் நாள் வேறு தேன். மூன்றாம் நாள் வடிகட்டும் துணியையே மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. அன்றுதான் என்ன தப்பு என்று கேட்டதும், மலையிறங்கிவிடுகிறேன் என்றதும்.

நாலாம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. குருவின் பங்கில் மட்டும் இரண்டு ஸ்பூன் உப்பைப் போட்டுப் பிசைந்தார். திட்டுவதற்காவது வாயைத் திறக்கட்டும்.

குரு சாப்பிட்டார். நிதானமாக, விரலை வழித்துச் சாப்பிட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

பாதியில் மாசிலாமணி தட்டைப் பிடுங்கினார். தானே ஒரு வாய் எடுத்துப் போட்டார். போட்ட வேகத்தில் துப்பினார்.

“உப்பு தெரியலையாம்மா?”

“தெரியலண்ணே. ஒரு காய்ச்சல்ல நாக்கு செத்துப்போச்சு. நீங்க வர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி. அதுலேர்ந்து வெல்லமும் வேப்பங்காயும் எனக்கு ஒண்ணுதான்.”

எந்த நாக்கை நம்பி மாசிலாமணி வீடு வாசலை விட்டு வந்தாரோ, அந்த நாக்கே இல்லை. தட்டைக் கீழே வைத்தார்.

“அப்ப இத்தனை நாளா சொன்னதெல்லாம் பொய்யா?”

பொய் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார் குரு. எந்த மரம் பூத்திருக்கிறது என்று ஆடு மேய்க்கிறவளுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

“சரி, உப்பு? அது எப்படித் தெரிஞ்சுது?”

“உப்புக் கூடுனா உங்க இடது கண்ணு சுருங்கும். பதம் சரியா வந்துட்டா தலை தன்னால ஆடும். தேன் நல்லா இருந்தா கண்ணை மூடிக்குவீங்க. அதப் பார்த்துக்கிட்டேதான் நான் சாப்பிடுவேன். அவ்வளவு ருசியா இருக்கும்ணே.”

மாசிலாமணி உப்புத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“அப்ப இந்த மூணு நாளா?”

குரு கையைக் கழுவிக்கொண்டார்.

“மூணு நாளா நீங்க எங்கண்ணே சாப்பிட்டீங்க? என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”