வாய் திறந்த கிளிப்

தென்கடலோரத்தில் சூசைமிக்கேல் என்றொரு தூண்டில்காரர் இருந்தார். அவருடைய தூண்டில் பெட்டிக்குள் பயறளவே ஆன ஒரு சுழல்வளையம் இருந்தது. இரண்டு காதுகளும் நடுவில் ஓர் உருளையுமாகப் பிறந்த சாமான் அது. மேலே கட்டிய தங்கூசி என்னும் நைலான் நரம்பு ஒரு பக்கம் திரும்பும், கீழே கட்டிய தூண்டில் இன்னொரு பக்கம் திரும்பும். நடுவில் நின்று இரண்டையும் முறுக்கேறாமல் காப்பது அதன் வேலை. பிடித்ததை விடாதவன் என்ற பேர் அதற்குப் பெட்டிக்குள் உண்டு. அந்தப் பேரை அது உயிராக மதித்தது.

ஒரு நாள் விடிந்ததும் சூசைமிக்கேல் படகின் ஓரத்தில் உட்கார்ந்து தூண்டில் கட்டினார். சுழல்வளையத்தை எடுத்துத் தங்கூசியில் முடிந்தார். தூண்டிலைக் கோத்துத் தொங்கவிட, அதன் கீழ்க்காதில் மாட்ட ஒரு கிளிப் வேண்டும். மனைவியின் தம்பி கஸ்பார் தடித்த எஃகுக் கிளிப் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மச்சான், இந்தத் தடியன மாட்டுங்க. யானை இழுத்தாலும் வாயத் தெறக்க மாட்டான்."

"இவன் இந்தக் காதுல நுழைய மாட்டான்டா. பெரிய வளையம் போட்டா மீன் பாத்துரும். வெளமீன் கண்ணு பொல்லாத கண்ணு."

தேடித் துழாவி மெல்லிய கம்பிக் கிளிப் ஒன்றை எடுத்து மாட்டினார். அது 'டிக்' என்று வாய் மூடிக்கொண்டது.

"இது தாங்குமா மச்சான்?"

"வெளமீனுக்குத் தாங்கும். அதுக்கு மேல வந்தா ஆண்டவர் விட்ட வழி."

சுழல்வளையத்துக்கு மனம் சுருங்கியது. இப்படி ஒரு நோஞ்சானோடா நமக்குக் கூட்டு என்று நினைத்தது.

மீன்கள் மேயும் கடலடிப் பாறையான பாருக்கு மேல் படகு நின்றது. இரையாகக் கணவாய் மீன் துண்டு கோத்த தூண்டில் பச்சை நீருக்குள் இறங்கியது.

"கிளிப்பே, ஒன்று சொல்லிவைக்கிறேன். என்ன வந்தாலும் விடாதே. நீ விட்டால் என் பேரும் சேர்ந்து போகும்" என்றது சுழல்வளையம்.

"பிடிப்பதுதான் என் வேலை" என்றது கிளிப். "ஆனால் எனக்கு வாய் என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அது மூடியே கிடப்பதற்கு மட்டும் இல்லை."

"மீன் பிடிக்கப் போகும் இடத்தில் அபசகுனமாகப் பேசாதே."



வெகுநேரம் கழித்துத் தூண்டில் அதிர்ந்தது. விளைமீனின் கொத்தல் இல்லை அது. பாய் விரித்ததுபோல் அகன்ற திருக்கை ஒன்று இரையை விழுங்கிவிட்டுத் திறந்த கடலைப் பார்த்து ஓடியது. சுழல்வளையம் சுற்றியது. உடம்பு சூடேறச் சுற்றியது. "பிடி! பிடி!" என்று கத்தியது.

மேலே, தளத்தில் சுருண்டு கிடந்த தங்கூசி சரசரவென்று ஓடியது. ஓடிய வேகத்தில் அதன் ஒரு வளைவு சூசைமிக்கேலின் மணிக்கட்டில் விழுந்து இறுகியது. மறுமுனை படகின் குறுக்குப் பலகையில் கட்டியிருந்தது. அவர் மார்பு விளிம்பில் மோதி, தலை தண்ணீருக்கு மேலாகத் தொங்கியது. கஸ்பார் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தான்.

"கத்தி! கத்திய எடுடா!"

"ஒங்கள விட்டுட்டு எப்பிடி மச்சான் எடுக்க! விட்டா உள்ள போயிருவீங்க!"

கத்தி படகின் முன்முனையான அணியத்தில், மீன் கூடைக்கு அடியில் கிடந்தது.

தங்கூசி நடுங்கிக்கொண்டே கீழே சேதி சொன்னது. "மனுஷன் கை என்னில் மாட்டிக்கொண்டது. சதையைக் கடந்துவிட்டேன். எலும்பைத் தொடுகிறேன். நான் அறுவதற்குள் அந்தக் கை அறுந்துவிடும்."

சுழல்வளையத்துக்குச் சுற்ற மட்டும்தான் தெரியும். அதனால் சுற்றியது.

"நான் விடப்போகிறேன்" என்றது கிளிப்.

"விட்டால் உன்னைத் துரோகி என்பார்கள். யாருக்கும் உண்மை தெரியாது. சொல்ல நமக்கு வாயும் இல்லை."

"எனக்கு இருக்கிறது."

கிளிப் தன் கம்பியைத் தானே நெகிழ்த்தியது. அது வெறுமனே திறக்கவில்லை. அந்த இழுப்பில் அதன் முதுகு நிமிர்ந்து, இனி எந்தக் காலத்திலும் மூடமுடியாதபடி வளைந்து போயிற்று. திருக்கை தூண்டிலோடு இருட்டு நீருக்குள் போய் மறைந்தது. தங்கூசி தொய்ந்தது.

சூசைமிக்கேல் படகுக்குள் மல்லாந்து விழுந்தார். கஸ்பார் தன் சட்டையைக் கிழித்து அவர் கையைச் சுற்றிக் கட்டினான். பிறகு தங்கூசியை இழுத்து மேலே போட்டான். அதன் நுனியில் வாய் பிளந்த கிளிப் தொங்கியது.

"நான் அப்பமே சொன்னேன், இது தாங்காதுன்னு. எம்மாம் பெரிய மீன் மச்சான்!"

சூசைமிக்கேல் வலியில் பல்லைக் கடித்தார். கிளிப்பைப் பிடுங்கினார். "சமயத்துல வாயப் பொளந்துட்டியே, சண்டாளா!" என்று கடலில் வீசினார்.

சுழல்வளையம் அது விழுந்த இடத்தைப் பார்த்தது. 'நில்லுங்கள்' என்று சொல்ல அது துடித்தது. துடித்த துடிப்பில் ஒருமுறை சுற்றியது, அவ்வளவுதான். படகு கரைக்குத் திரும்பியது.

வீட்டு முற்றத்தில் எமரென்சியா கணவனின் கட்டைப் பிரித்துச் சுடுதண்ணீரால் புண்ணைக் கழுவினாள். தங்கூசிக் கூடை பக்கத்திலேயே இருந்தது. அதற்குள் கிடந்து சுழல்வளையம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மூணு பேரு சேந்து தூக்கணும், அம்புட்டு பெரிய திருக்கை" என்றார் அவர். "கிளிப்பு ஏமாத்திட்டு."

அவள் கை நின்றது. புண்ணின் ஆழத்தைப் பார்த்தாள். வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்தாள்.

"அந்தக் கிளிப்பு எங்க?"

"அத எதுக்குக் கேக்க? கடல்ல எறிஞ்சிட்டேன்."

எமரென்சியா நிமிர்ந்தாள். கடல் இருந்த திசையைப் பார்த்து நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அது மட்டும் பிடிச்சுக்கிட்டே இருந்திருந்தா, நான் இப்ப எதக் கழுவிக்கிட்டு இருப்பேன்?" என்றாள்.

சூசைமிக்கேல் அப்போதுதான் தன் கையைப் பார்த்தார்.